புராஸ்டேட் புற்றுநோயும் ஹார்மோன் போடும் உத்தரவும்

(மர்பி டவுனில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவில், காய்கறிக்காரர் கூடத் தமிழில் விலை சொல்லும் இந்தப் பேட்டையில் நம் கூட்டம் நடப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். வழக்கமாக இங்கே உபந்யாசமோ, வருமான வரியோ, மூத்த குடிமக்கள் டெபாசிட் வட்டியோ பேசுவது உண்டு. நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் புராஸ்டேட் புற்றுநோய். காரியதரிசி முதலில் தயங்கினார். "மாமிகள் எல்லாம் வருவாளே" என்றார். மாமிகள் அவசியம் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, 36 வருஷம் மத்திய சர்க்காரில் தணிக்கை உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஆனால் இந்த வியாதி எனக்கே இருக்கிறது. 2018ல் கதிர்வீச்சு சிகிச்சை ஆயிற்று. 2021ல் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏற ஆரம்பித்ததால், மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. நாலு வருஷம் எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே 0.3, 0.9, 2.6 என்று ஏறுகிறது. ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஒரு புள்ளி தெரிகிறது. ஆண் ஹார்மோனே இல்லாத உடம்பில், அந்த ஹார்மோனைத் தின்று வளர்கிற நோய் எப்படி வளர்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு வருஷமாகப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் சுரப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருப்பது. இளவயதில் 20 கிராம் எடைதான் இருக்கும். வயதானால் பெரிதாகும், அது வேறு, புற்றுநோய் வேறு. இந்தியாவில் புற்றுநோயைக் கணக்கெடுக்கும் தேசியப் பதிவேட்டுத் திட்டம் 1982 முதல் பெங்களூர், சென்னை, பம்பாய் மூன்று ஊர்களில் ஜனங்களிடையே கணக்கெடுக்கத் தொடங்கியது. நம் ஊரில் கித்வாய் ஆஸ்பத்திரியும், சென்னையில் அடையாறு கேன்ஸர் இன்ஸ்டிட்யூட்டும் அந்தப் பொறுப்பை ஏற்றன. பெருநகரங்களின் பதிவேடுகளில் ஆண்களுக்கு வரும் முக்கியப் புற்றுநோய்களில் புராஸ்டேட்டும் ஒன்று என்றாகிவிட்டது. ஆயுசு கூடியதும் ஒரு காரணம், பரிசோதனை கூடியதும் ஒரு காரணம்.

இனி ஹார்மோன் கதை. 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற சர்ஜன், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற மாணவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் முதலில் நாய்களின் புராஸ்டேட்டை ஆராய்ந்தவர். மனிதனைத் தவிர இந்தச் சுரப்பியில் தானாகவே கட்டி வருகிற மிருகம் நாய் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். விரைகளை எடுத்துவிட்டால் நாயின் சுரப்பி சுருங்குவதைப் பார்த்தார். பிறகு, எலும்பு வரை நோய் பரவி வலியில் துடித்த மனிதர்களுக்கும் அதையே செய்தார். பலருக்கு வலி தணிந்தது; ரத்தத்தில் ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்ற என்சைமின் அளவும் இறங்கியது. புற்றுநோய் என்றால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தான்தோன்றியாக வளர்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த நோயும் உடம்பின் ஒரு ரசாயன உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது என்று காட்டியவர் ஹக்கின்ஸ். 1966ல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரைக்கும் பரிசுக்கும் நடுவில் 25 வருஷம். நம் பென்ஷன் அரியர்ஸ் எவ்வளவோ தேவலை.

கத்தி வைக்காமல் அதே பலனைத் தரும் ஊசி எப்படி வந்தது? விரைகளுக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைபோதலாமஸ் என்ற பகுதி ஒரு சிறு ஹார்மோனை அனுப்புகிறது, அது பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி விரைகளைத் தட்டுகிறது, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அந்த முதல் ஹார்மோனைப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும், ரோஜர் கீமன் ஆட்டு மூளைகளையும் கசாப்புக் கடைகளிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கிப் போட்டி போட்டுக்கொண்டு அரைத்தார்கள். 1971ல் அது வெறும் 10 அமினோ அமிலம் கொண்ட ஒரு சங்கிலி என்று தெரிந்தது. 1977ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதைப் படித்துவிட்டு நம்மவர்களில் யாராவது "அந்த ஊசியில் மாமிசம் உண்டோ?" என்று கேட்கலாம். கிடையாது. ல்யூப்ரோலைட், கோசரெலின் முதலியவை முழுக்க முழுக்க ரசாயனச் சாலையில் செய்பவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இயற்கை ஹார்மோன் விட்டு விட்டுத்தான் வரும். ஊசி மருந்தோ இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்கூடச் செய்யும். அதற்காகத்தான் ஆரம்பத்தில் கூடவே ஒரு மாத்திரையும் தருகிறார்கள். பிறகு பிட்யூட்டரி காது மரத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடும். 300க்கு மேல் இருந்த டெஸ்டோஸ்டிரோன் 50க்குக் கீழே போகும். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வியர்க்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், காரணமில்லாமல் கண்ணில் ஜலம் வரும். முதல் தடவை ராத்திரி இரண்டு மணிக்கு நான் விசிறியைத் தேடியபோது என் ஆத்துக்காரி, "இப்போ தெரியறதா? அம்பது வயசிலே நான் சொன்னப்போ மின்விசிறியைக் கொறைன்னேள்" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் மையமான விஷயம். எனக்குப் பழக்கமான ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லிலும் ஒரு ரிக்கார்டு ரூம் உண்டு. அதில் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இறுகச் சுற்றிக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. புரதம் செய்யக் கட்டளை எழுதியிருக்கும் ஃபைல்கள், அதாவது ஜீன்கள், ஏறத்தாழ 20,000. கண்ணில் இருக்கும் செல்லிலும் அதே 20,000, புராஸ்டேட்டிலும் அதே 20,000. எந்த ஃபைலை எப்போது திறப்பது என்பதில்தான் வித்தியாசம். இதற்குத்தான் ஜீன் கட்டுப்பாடு என்று பெயர்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது தபால். புராஸ்டேட் செல்லுக்குள் வந்ததும் ஒரு என்சைம் அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. தபாலை வாங்கிக்கொள்ள ஒரு குமாஸ்தா இருக்கிறார். அவருக்கு ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் என்று பெயர். அவரைச் செய்ய வேண்டிய ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த எக்ஸ் நமக்கு அம்மாவிடமிருந்துதான் வருகிறது. ஆண் தன்மைக்குச் சாவி அம்மா கொடுத்தது! தபால் வராத வரை குமாஸ்தாவை வேறு சில புரதங்கள் பிடித்து வெளியே உட்கார்த்தி வைத்திருக்கும். தபால் கைக்கு வந்ததும் அவருடைய வடிவம் மாறும், பிடி விடும், ரிக்கார்டு ரூமுக்குள் போவார். அங்கே ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதம் முன்கூட்டியே போய்க் கட்டுகளை அவிழ்த்து வைத்திருக்கும். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கும் இடங்களில் குமாஸ்தா போய் ஒட்டிக்கொள்வார். சில ஃபைல்கள் திறக்கும். அவற்றில் ஒன்றுதான் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் ஜீன். ஆகவே பி.எஸ்.ஏ. என்பது நோயின் அளவை மட்டும் காட்டும் எண் அல்ல. குமாஸ்தா உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறாரா என்பதையும் காட்டும் எண். அவர் திறப்பதோடு நிற்பதில்லை. சில ஃபைல்களை மூடி முத்திரை வைப்பதும் அவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோனும் ஜீனும் சேர்ந்து புற்றுநோயை எப்படி உண்டாக்குகின்றன என்பதற்கு மிகச் சிறந்த சாட்சியம் 2005ல் வந்தது. கண்டுபிடித்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் அருள் சின்னையன், அவருடைய குழுவினர், முக்கியமாக ஸ்காட் டாம்லின்ஸ். பெயரைச் சொல்லும்போதே காதுக்கு இதமாக இருக்கிறது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு பிடித்ததற்குத் தொழில் ரீதியான காரணமும் உண்டு. அது மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடித்தது அல்ல. தணிக்கை முறையில் கண்டுபிடித்தது.

பல ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருந்த ஜீன் கணக்குகளை எல்லாம் அவர்கள் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அதில் சராசரி பார்த்தார்கள்: நோயாளிகளுக்குச் சராசரி எவ்வளவு, ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு என்று. தணிக்கைக்காரன் அப்படிப் பார்க்க மாட்டான். நூறு வவுச்சரில் தொண்ணூறு சரியாக இருந்து பத்து மட்டும் ஆகாசத்துக்கு எகிறினால், சராசரியில் அது கரைந்துபோகும். அந்தப் பத்தைத் தனியே இழுத்துப் பார்ப்பவன்தான் ஆடிட்டர். சின்னையன் குழு அப்படித் தனித்து எகிறும் எண்களைத் தேடும் கணக்கு முறையை வகுத்தது. இ.ஆர்.ஜி. என்ற ஒரு ஜீன் சில நோயாளிகளிடம் மட்டும் கன்னாபின்னாவென்று எகிறியிருந்தது. புராஸ்டேட்டில் அந்த ஃபைல் திறக்கவே கூடாதது.

ஏன் எகிறியது? 21ஆம் குரோமோசோமில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்று இன்னொரு ஜீன் உண்டு. ஆண் ஹார்மோன் வந்தால் திறக்கும் ஜீன் அது. அதிலிருந்து சுமார் 30 லட்சம் எழுத்துகள் தள்ளி அதே குரோமோசோமில் இ.ஆர்.ஜி. இருக்கிறது. நோயாளிகளிடம் நடுவில் இருப்பது பெரும்பாலும் வெட்டுப்பட்டு, முதல் ஜீனின் தலைப்பும் இரண்டாவது ஜீனின் உடலும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருவருடைய லெட்டர்ஹெட்டில் இன்னொருவர் உத்தரவு போட்ட கதை. ஹார்மோன் தபால் வருகிறது, குமாஸ்தா வழக்கம்போலத் தலைப்பைப் பார்த்துத் திறக்கிறார், வெளியே வருவதோ வளர்ச்சியைத் தூண்டும் தப்பான புரதம். இந்த மாதிரி ஜீன் ஒட்டுகள் ரத்தப் புற்றுநோய்களிலும் சில அபூர்வக் கட்டிகளிலும்தான் உண்டு, சாதாரணக் கட்டிகளில் முக்கியமில்லை என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. மேல்நாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்த ஒட்டு இருக்கிறது; ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு. ஒரு துணுக்கு: டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 செய்யும் புரதம்தான் கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையக் கதவு திறந்துவிட்டது என்று 2020ல் தெரிந்தது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். தபாலை நிறுத்திய பிறகும் ஆபீஸ் எப்படி நடக்கிறது?

படித்ததில் எனக்குத் தெளிவாக விளங்கியது இது: பெரும்பாலும் குமாஸ்தா வேலையை விடவில்லை. நோய் ஹார்மோனை மீறிவிட்டது என்று முன்பு சொன்னார்கள். நிஜத்தில் அது ஹார்மோன் பாதையிலேயே குறுக்கு வழிகள் கண்டுபிடித்திருக்கிறது. ஒன்று, குமாஸ்தாக்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வது. ரிசெப்டர் ஜீனே பல பிரதிகளாகப் பெருகி, துளித் தபால் வந்தாலும் போதும் என்று ஆகிவிடும். இன்னொன்று, ஜீனில் ஓர் எழுத்து மாறி, வேறு ஹார்மோன்களையும், சில சமயம் தடுக்கக் கொடுத்த மருந்தையுமே, நல்ல தபால் என்று ஏற்றுக்கொள்வது. மூன்றாவது, ஆபீஸுக்குள்ளேயே தபால் எழுதிக்கொள்வது. ஊசி விரைகளைத்தான் அடக்கும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அனுப்பும் கச்சாப் பொருளையும் கொழுப்பையும் வைத்துக் கட்டியே ஹார்மோன் சமைத்துக்கொள்ளும். நாலாவதுதான் பொல்லாதது. தபால் வாங்கும் கையே இல்லாத ஒரு குறை வடிவக் குமாஸ்தா பிறக்கிறார். ஏ.ஆர்.-வி7 என்று பெயர். அவருக்குத் தபாலே வேண்டாம். எப்போதும் உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்றாவது வழியை அடைக்க அபிராடெரோன் 2011ல் வந்தது. ஹார்மோன் சமையலுக்கு வேண்டிய ஒரு என்சைமை எல்லா இடத்திலும் நிறுத்திவிடும். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். கூட ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2012ல் வந்த என்ஸலுடமைட் குமாஸ்தாவின் கையையே கட்டிவிடும். ஆனால் கையே இல்லாத நாலாம் ஆசாமியை என்ன செய்வது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2014ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏ.ஆர்.-வி7 இருந்த நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்துமே பலன் தரவில்லை என்று பார்த்தார்கள். அவர்களுக்குக் கீமோதெரபி போன்ற வேறு மார்க்கம் போக வேண்டும். எனக்கு அபிராடெரோன் ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தியக் கம்பெனிகளே செய்வதால் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

இனி நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் டாக்டர் புஷ்ரா அதீக் என்ற பேராசிரியை இருக்கிறார். முன்பு மிச்சிகனில் சின்னையனின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர். 2020ல் மருத்துவ விஞ்ஞானத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். அதே வருஷம் அவருடைய குழு, ரித்திகா திவாரியை முதல் ஆசிரியராகக் கொண்டு, நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டது. விஷயம் ஸ்பிங்க்-1 என்ற ஜீன். இ.ஆர்.ஜி. ஒட்டு இல்லாத நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் இது மிஞ்சி இருக்கும். இருந்தால் நோய் முரட்டுத்தனமாக இருக்கும்.

குமாஸ்தா சில ஃபைல்களை மூடி முத்திரை வைப்பார் என்று சொன்னேன் அல்லவா? ஸ்பிங்க்-1 அப்படி அவர் மூடி வைத்திருக்கும் ஃபைல். ரெஸ்ட் என்ற இன்னொரு புரதமும் கூட நின்று காவல் காக்கிறது. ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் குமாஸ்தா வெளியேறுகிறார், முத்திரை உடைகிறது, ஸ்பிங்க்-1 திறக்கிறது. போதாததற்கு, சில செல்கள் தம் ஜாதியையே மாற்றிக்கொண்டு நரம்புச் செல் மாதிரி ஆகத் தொடங்குகின்றன. அப்படி மாறியவை ஹார்மோனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, பி.எஸ்.ஏ.வும் அதிகம் காட்டுவதில்லை. ஆகவே எண் குறைவாக இருந்தும் உடம்பு மோசமாகிக்கொண்டே போனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ரெஸ்ட் புரதத்தைத் திரும்ப நிலைநிறுத்தினால் ஸ்பிங்க்-1 அடங்குகிறது என்றும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இது ஆய்வகத்துச் சமாசாரம்.

இதை நான் டெலிபோனில் சொன்னதும், மும்பையில் இருக்கும் என் ஸ்நேகிதர் ஒருவர் (அவரும் ஊசிக்காரர்தான்), "அப்படின்னா ஊசியே கெடுதல்தானே, நிறுத்திடட்டுமா?" என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். பரவிய நோயில் ஹார்மோனை அடக்குவதுதான் இன்றும் முதல் படி. அது தரும் வருஷங்கள் உண்மையான வருஷங்கள். கான்பூர் கட்டுரை சொல்வது, அந்தப் படியில் ஏறும்போது எதன் மேல் கண் வைக்க வேண்டும் என்று. ஊசியை நிறுத்து என்று அதில் ஒரு வரி கிடையாது. அவர் தன் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு, அடுத்த தவணை போட்டுக்கொண்டார்.

மாமிகள் கேட்க வேண்டும் என்றேனே, அதற்கு வருகிறேன். பரவிய நோய் உள்ளவர்களுக்கு இப்போது பி.ஆர்.சி.ஏ.2 முதலிய பரம்பரை ஜீன்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவைச் செப்பனிடும் ஜீன் அது. அது பழுதானால் ஆணுக்குப் புராஸ்டேட், பெண்ணுக்கு மார்பகமும் சினைப்பையும். அப்பாவிடமிருந்து பெண்ணுக்குப் போக ஐம்பது சதவீதம் வாய்ப்பு. அதாவது என் ரத்தப் பரிசோதனை என் பெண்ணைப் பற்றியது, பேத்திகளைப் பற்றியது. அந்தப் பழுது இருந்தால் அதற்கென்றே ஓலாபரிப் போன்ற மருந்துகளும் உண்டு. பரிசோதனைக்குக் கொடுக்கும் முன்பே நான் பெண்ணிடமும் பிள்ளையிடமும் விஷயத்தைச் சொன்னேன். குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "பேத்திக்கு வரன் பார்க்கிற சமயத்தில் இதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்றே?" என்றார். நம் வீடுகளில் வியாதி என்றால் இன்னும் இப்படித்தான். தாத்தா எதனால் போனார் என்று கேட்டால் "வயசாச்சு, போனார்" என்பார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், கோத்திரம் கேட்கிறோம். குடும்பத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் என்பதை மட்டும் மூடி வைக்கிறோம். என் பரிசோதனையில் பழுது இல்லை என்று வந்தது. இருந்தது என்று வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். இல்லாவிட்டால் என் பெண் மாமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று யார் சொல்லித் தெரிந்துகொள்வாள்?

பேசி முடித்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். எல்லாரும் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து டாக்டரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியது என்றேன். கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் மெதுவாக வளர்பவை பல. அவற்றுக்கு ஒன்றும் செய்யாமல் கண்காணித்து வருவதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான். மஞ்சள், தக்காளி, சோயா பற்றி ஒரு மாமி கேட்டார். தாராளமாகச் சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம் என்றேன்.

கடைசிக் கேள்விதான் உருப்படியானது. ஒருவர், மூத்திரம் சரியாகப் போவதற்காக இரண்டு வருஷமாக ஃபினஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறாராம். பி.எஸ்.ஏ. 3.1தான், 4க்குக் கீழேதானே, கவலையில்லையே என்றார். அந்த மாத்திரை, டெஸ்டோஸ்டிரோனை வீரிய வடிவத்துக்கு மாற்றும் என்சைமைத் தடுப்பது. டூடாஸ்டரைடும் அப்படியே. ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். ஆகவே அவருடைய 3.1ஐ இரண்டால் பெருக்கித்தான் டாக்டர் படிப்பார். மாத்திரை சாப்பிடுவதை லேபிலும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்ததால் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு யூராலஜிஸ்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, என்னிடம் ஒரு தாள் வாங்கி, அந்த மாத்திரையின் பெயரையும் அது தொடங்கிய மாதத்தையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.